சித்திரத்துக்கு முன் சுவர்: சிங்கப்பூரில் கடைச்சுவரிலும் வீட்டுக்குள்ளும் ஓவியம் வரைவோருக்கு

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கடை வைத்திருப்பவர் ஒருவர் தன் கடைவீட்டின் பக்கச்சுவரைக் காட்டி, "இங்க ஏதாவது வரைஞ்சு குடுங்களேன்" என்று கேட்டால் உடனே பென்சிலை எடுக்க வேண்டாம். மூன்று கேள்விக்குப் பதில் வாங்குங்கள். சுவர் யாருடையது? கட்டடம் மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா? படத்தில் கடையின் பெயரோ சின்னமோ வருமா?

கேட்டவர் பெரும்பாலும் வாடகைக்காரராக இருப்பார். பக்கச்சுவர் அவருடைய வாடகை ஒப்பந்தத்தில் வருகிறதா என்று அவருக்கே தெரியாது. கட்டட உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். எந்தச் சுவர், நீள அகலம், இணைத்த வரைவு, எத்தனை நாள் வேலை, இவ்வளவும் அதில் இருக்கட்டும். 1966-ஆம் ஆண்டின் பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் தனியார் சுவரென்றாலும் எழுத்துவழி ஒப்புதல் கேட்கிறது. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை. அழியாத பொருளால் வரைந்திருந்தால் 3 முதல் 8 பிரம்படியும் சேரும். வாட்ஸ்அப்பில் வந்த கட்டைவிரல் படத்தை நம்பி ஏணி ஏறாதீர்கள்.

லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், சைனாடவுன் போன்ற வட்டாரங்கள் 1989 முதல் பாதுகாப்புப் பகுதிகள். அங்கே நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதியும் தேவை. முகப்பைத் தொடும் யோசனையை விட்டுவிடுங்கள். ஜன்னல், தூண், சுதை வேலைப்பாடு உள்ள முகப்பு அதுவாகவே ஒரு சித்திரம். பக்கச்சுவரும் பின்சுவரும்தான் நம் இடம். பெலிலியோஸ் லேனில் சைஃபூல் வரைந்த பழைய தொழில்களின் சுவரோவியம், எவர்டன் ரோட்டில் இப் யூ சோங் 2015-இல் வரைந்த ஓவியங்கள் ஆகியவற்றை ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். எவ்வளவு அகலமான சந்துக்கு எவ்வளவு பெரிய உருவம் எடுபடுகிறது என்பதைப் படத்தில் பார்த்துக் கற்க முடியாது. லிட்டில் இந்தியாவில் இப்படிப்பட்ட சுவர்கள் பலவும் லசால் கலைக் கல்லூரியும் பயணத்துறைக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆர்ட்வாக் நிகழ்ச்சியில் வந்தவை.

கடைப்பெயர், தொலைபேசி எண், பொருளின் சின்னம் படத்துக்குள் வந்தால் அது விளம்பரப் பலகைக் கணக்கில் சேரும். கட்டட, கட்டுமான ஆணையத்தின் விளம்பர உரிமம் தனி வேலை. கடைக்காரர் "ஓரமா சின்னதா பேர் போட்டுருங்க" என்று கடைசி நாளில் கேட்பார். முதல் சந்திப்பிலேயே "முடியாது" என்று சொல்லிவிடுங்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம், தாழ்வாரம், வெளிச்சுவர் எல்லாம் பொதுச்சொத்து. நகர மன்றத்தின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் ஒரு கோடும் கூடாது. "என் வீட்டு வாசல்தானே" என்று தாழ்வாரச் சுவரில் வரையச் சொல்லும் வீட்டுக்காரருக்கும் அதே விதிதான். எம்ஆர்டி ரயில் நிலையங்களின் கதை வேறு. 2003-இல் திறந்த வடகிழக்குப் பாதையிலிருந்து நிலப் போக்குவரத்து ஆணையம் நிலையம் கட்டும்போதே கலைஞர்களைச் சேர்த்துக்கொள்கிறது. லிட்டில் இந்தியா நிலையத்தில் எஸ். சந்திரசேகரனின் படைப்பு அப்படி வந்தது. இவ்வகை வேலைகள் பெயிண்டில் நடப்பது குறைவு. ஓடு, உலோகம், கல் என்று பல பத்தாண்டுகள் தாங்கும் பொருளில்தான் கேட்பார்கள். குமாரி நாகப்பனின் வெண்கல மிளகாய் தேசிய அரும்பொருளகத்தில் வெயிலுக்கும் மழைக்கும் அசராமல் கிடப்பதற்கும் காரணம் பொருள்தான். தேசியக் கலைகள் மன்றம் 2014-இல் அமைத்த பொதுக்கலை அறக்கட்டளை வழியாகவும் திறந்த அழைப்புகள் வரும். அதற்கு விண்ணப்பிக்கிறவர்கள் பராமரிப்புத் திட்டம் ஒன்றையும் எழுதி வைத்திருக்க வேண்டும். பலர் அந்தப் பக்கத்தைத்தான் வெறுமையாக விடுகிறார்கள்.

சுவரைப் பரிசோதித்தல்

நன்றாக வரைந்த ஓவியம் ஓராண்டில் உரிந்து விழுந்தால் பத்தில் ஒன்பது முறை குற்றம் பெயிண்டில் இருக்காது. அடியில் இருந்த சுவரைப் பார்க்காமல் விட்டிருப்பார்கள். கீழ்க்கண்டவற்றைச் செய்ய அரை நாள் போதும். செலவு பத்து வெள்ளிகூட ஆகாது.

ஐம்பது காசு நாணயத்தால் ஓர் அடிக்கு ஒரு தடவை தட்டிக்கொண்டே போங்கள். 'டக்' என்ற கெட்டியான சத்தம் மாறி 'டொப்' என்று கேட்கும் இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது. சாக்பீஸால் வட்டமிடுங்கள். உள்ளங்கை அளவென்றால் வெட்டி எடுத்துப் பூசலாம். சுவரில் கால்வாசிக்கு மேல் வட்டமாகிவிட்டால், பூச்சு வேலை முடியும்வரை வரைய மாட்டேன் என்று சொல்லிவிடுவதே நல்லது.

கறுப்புத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் வெள்ளைமாவு ஒட்டினால் பழைய பெயிண்ட் பொடியாகிவிட்டது. அதன்மேல் எதை அடித்தாலும் மாவோடு சேர்ந்து வரும். மாஸ்கிங் டேப்பைக் கட்டைவிரலால் தேய்த்து ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு செதில் வந்தால் அந்தப் படலத்தைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். கொஞ்சம் தண்ணீரைத் தெளியுங்கள். உடனே உறிஞ்சினால் சீலர் (சுவரின் துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) அதிகம் குடிக்கும் சுவர். முத்து முத்தாக நின்றால் பளபளப்புப் பெயிண்டோ நீர்விலக்கிப் பூச்சோ இருக்கிறது. உப்புத்தாள் போடாமல் எதுவும் பிடிக்காது.

ஈரம் பார்க்க, அரை மீட்டர் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டி மறுநாள்வரை விடுங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. ஈரமானி கையில் இருந்தால் பெயிண்ட் நிறுவனங்களின் தரவுத்தாள்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு 6 விழுக்காடு. புதிய சிமென்ட் பூச்சுக்கு 28 நாள் கொடுங்கள். கார அளவு 9-க்குக் கீழே இறங்கியதா என்று நனைத்த சுவரில் பிஎச் தாளை ஒட்டிப் பாருங்கள். காரம் அடங்காத சுவரில் நீலமும் சிவப்பும் திட்டுத்திட்டாக வெளுக்கும்.

பழைய கடைவீட்டுச் சுவர் தனி ரகம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது. ஓதம் ஏறாமல் தடுக்கும் படலம் அடியில் இருக்காது. மண்ணின் ஈரம் மேலே ஏறி, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை வெளியே வரும். அந்த எல்லையில் குனிந்து பார்த்தால் தெரியும்: பஞ்சு நார் மாதிரி வெள்ளை உப்பு, விரல் பட்டதும் உதிரும், அதற்குக் கீழே பெயிண்ட் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பியிருக்கும், நகத்தால் அழுத்தினால் உள்ளே ஈரமணல். இந்த உப்பைத் தண்ணீரால் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி உள்ளே போய் அடுத்த மாதம் வெளியே வரும். காய்ந்த தூரிகையால் தட்டி, கூட்டி அள்ளிவிடுங்கள். சிமென்ட் பூசி மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறிப் படத்தின் நடுவில் கொப்புளிக்கும்.

வழி எளிது. படத்தைத் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே தொடங்குங்கள். கீழே ஒரே நிறத்தில் பட்டை விடுங்கள், ஊர் வீடுகளில் சுவரடியில் காவி அடிப்பார்களே, அதுபோல. அந்தப் பட்டைக்குச் சுண்ணாம்புப் பூச்சோ, ஈரத்தை வெளியே விடும் சிலிகேட் பெயிண்டோ போடுங்கள். கெட்டுப்போகிற இடம் அதுதான் என்று முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு டின்னோடு போய் அதை மட்டும் அடித்துவிட்டு வரலாம்.

விரிசலையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முடிக்கற்றை போல மெல்லியதை அக்ரிலிக் நிரப்பியால் அடைக்கலாம். அகலமானதை 'வி' வடிவில் வெட்டிவிட்டு வெளிப்புறப் பட்டி வைக்க வேண்டும். இரண்டு கட்டடம் சேரும் இணைப்பில் உள்ள விரிசல் என்ன செய்தாலும் திரும்ப வரும். அதன்மேல் முகமோ, கையோ, எழுத்தோ வராதபடி வரைவை நகர்த்துங்கள். மரக்கிளையோ புடவை மடிப்போ அங்கே வந்தால் விரிசல் வந்தாலும் கண்ணில் படாது.

சுத்தம், சீலர், அளவு

பாசியும் கறுப்புப் பூஞ்சணமும் இந்த ஊர்ச் சுவரின் நிரந்தரக் குடிகள். ஒரு பங்கு பிளீச், நான்கு பங்கு தண்ணீர். கீழிருந்து மேலாகத் தடவி, 15 முதல் 20 நிமிடம் ஊறவிட்டு, தேய்த்து, நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிளீச்சோடு வேறு எந்தத் துப்புரவு மருந்தையும், முக்கியமாக அமிலத்தையும் அம்மோனியாவையும், கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும். பாசியைக் கொல்லாமல் சுரண்டிவிட்டு மட்டும் அடித்தால் ஆறு மாதத்தில் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வரும். அழுத்த நீர் இயந்திரத்தைச் சுண்ணாம்புச் சாந்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், சாந்தே கழன்றுவிடும். கழுவியபின் குறைந்தது 48 மணி நேரம் மழையில்லாமல் காய வேண்டும்.

கழுவிய நீரையும், தூரிகை அலசிய நீரையும் சாலையோரச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அந்தக் கால்வாய்கள் நீர்த்தேக்கத்தை நோக்கித்தான் போகின்றன. இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் முதல் அலசல், மற்றதில் இரண்டாவது. மிச்சப் பெயிண்டை உலர்த்திக் கட்டியாக்கிக் குப்பையில் போடுங்கள்.

கணக்கை ஒரு சுவரை வைத்தே போடுவோம். நீளம் 6 மீட்டர், உயரம் 3 மீட்டர், பரப்பு 18 சதுர மீட்டர். டின்னில் லிட்டருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் என்று போட்டிருக்கும். சொரசொரப்பான சுவரில் அது கிடைக்காது. காரம் தாங்கும் சீலரை லிட்டருக்கு 8 என்று கணக்கிட்டால் ஒரு பூச்சுக்கு இரண்டேகால் லிட்டர். அடிநிறம் இரண்டு பூச்சு, லிட்டருக்கு 9 என்றால் 4 லிட்டர். படம் சுவரில் 60 விழுக்காட்டை மூடுகிறது, இரண்டு பூச்சு என்றால் 2.4 லிட்டர், கலப்பிலும் தட்டிலும் வீணாவதற்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டி 3.2 லிட்டர். எட்டு நிறமென்றால் ஒவ்வொன்றும் 400 மில்லி. எட்டு டின் வாங்க வேண்டாம். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் வெளிப்புற அக்ரிலிக்கில் ஒவ்வொரு லிட்டர் வாங்கி மற்றதைக் கலந்துகொள்ளலாம். மேல்பூச்சு இரண்டு முறைக்கு 3.6 லிட்டர், 5 லிட்டர் டின் ஒன்று.

கலக்கும் நிறத்தை ஒரே தடவையில் முழு அளவும் கலந்துவிடுங்கள். மறுநாள் "அதே மாதிரி" கலந்தது ஒருபோதும் அதே மாதிரி இருக்காது. அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுக்கும். அட்டையில் தடவி, காயவைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தபின் முடிவெடுங்கள். சாயக்குழம்பை 20-இல் ஒரு பங்குக்கு மேல் ஊற்றினால் பெயிண்ட் சரியாக இறுகாது.

வெயிலில் எது நிற்கும் என்பதும் முக்கியம். காவி, செம்மண், இரும்பு ஆக்சைடு மஞ்சள், தாலோ நீலம், தாலோ பச்சை ஆகியவை நிற்கும். ரோஜா, மெஜந்தா, பளீர் ஆரஞ்சு மேற்கு வெயிலில் முதலில் வெளுக்கும். ஒளிரும் நிறங்கள் சில மாதம்கூடத் தாங்காது. மேற்குப் பார்த்த சுவரில் மயிற்கழுத்து நீலத்தை நம்பலாம். மல்லிகைப் பந்தலுக்கு நடுவே ஒரு மெஜந்தாப் புடவை வேண்டுமென்றால், அதை ஆண்டுக்கொருமுறை தொட்டுச் சரிசெய்யும்படி எட்டும் உயரத்தில் வையுங்கள்.

வரைவைச் சுவருக்கு மாற்றுதல்

இரவில் புரொஜெக்டர் வசதிதான், ஆனால் சந்து குறுகலாக இருந்தால் பின்னால் போக இடம் இருக்காது, தெருவிளக்கும் கெடுக்கும். கட்டம் போடும் பழைய முறை எங்கேயும் நடக்கும். 6-க்கு 3 மீட்டர் சுவருக்கு வரைவை 60-க்கு 30 சென்டிமீட்டர் தாளில் போடுங்கள், தாளில் 5 சென்டிமீட்டர் கட்டம், சுவரில் 50 சென்டிமீட்டர் கட்டம். கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பழகிய கைக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. நீலச் சாக் நூல் அடியுங்கள். சிவப்புச் சாக் பெயிண்டுக்கு அடியில் கசியும். முதல் கோட்டைத் தரையை வைத்து அளக்காதீர்கள். இந்தச் சந்துகளின் தரை சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். நீர்மட்டமோ லேசரோ வைத்துக் கோடு போட்டபின், கூரை விளிம்போடு ஒத்துப்போகிறதா என்று எதிர்ப்பக்கம் நின்று பார்த்துச் சற்றே சமரசம் செய்துகொள்ளுங்கள்.

சுவரில் தமிழ் எழுத்து வந்தால் இரட்டைக் கவனம். படத்தை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் தமிழ் எழுத்துருவைப் புரிந்துகொள்ளாவிட்டால் 'பொங்கல்' என்பதன் ஒற்றைக்கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நிற்கும், கால் தனியே விழும், புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் ஏறும். வடிவமைப்பாளருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவருக்கு அது அழகான கோடாகவே தெரியும். எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிய பின்பே கோப்பை அனுப்புங்கள். தாளில் ஒருமுறை, சாக்பீஸில் ஒருமுறை, தமிழ் படிக்கத் தெரிந்த இருவர் தனித்தனியாக வாய்விட்டுப் படிக்கட்டும். ர-ற, ன-ண, ல-ள-ழ எல்லாம் சாக்பீஸாக இருக்கும்போது ஈரத்துணியில் போய்விடும்; பெயிண்டான பிறகு ஊரே படம் பிடித்துப் போடும்.

எப்போது, எந்த உயரத்தில்

டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழையில் வெளிச்சுவர் வேலை எடுக்காதீர்கள். பிப்ரவரிப் பின்பாதி ஓரளவு வறண்டது. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வாடிக்கை. ஆண்டின் நடுவில் விடியற்காலையில் சுமத்ராக் காற்றுமழை அடிக்கும். அந்த நாளில் சுவர் பத்து மணிக்கும் ஈரமாகவே இருக்கும். ஆகையால் காலை ஒன்பதரை வாக்கில் சுவரைத் தொட்டுப் பார்த்துத் தொடங்கி, பிற்பகல் இரண்டுக்குள் அன்றைய பூச்சை முடிப்பது பாதுகாப்பு. டின்னில் 'மறுபூச்சு 2 மணி நேரம்' என்றிருந்தால் இங்கே மூன்று, நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் நேராக விழும் சுவரில் அடிக்காதீர்கள். தூரிகை இழுக்குமுன் காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும். கிழக்குச் சுவர் பிற்பகல், மேற்குச் சுவர் காலை.

காய்ந்தும் காயாத அடர்நிறத்தில் மழைச்சாரல் பட்டால் பழுப்பாகப் பிசுபிசுவென்று ஒழுகல் தெரியும். பலர் பதறி அதன்மேல் மறுபடி அடிப்பார்கள். அது பெயிண்டிலிருந்து வெளிவந்த சவர்க்காரப் பொருள்தான். நன்றாகக் காயவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

மூன்று மீட்டருக்கு மேல் விழக்கூடிய உயரத்தில் வேலை என்றால் மனிதவள அமைச்சின் விதிப்படி வேலை அனுமதிமுறை, பயிற்சி, பாதுகாப்புக் கயிறு எல்லாம் வேண்டும். சாரத்தை முறையான ஒப்பந்ததாரர் கட்டட்டும், தூக்கிமேடையைப் பயிற்சி பெற்றவர் ஓட்டட்டும். இந்தச் செலவு சில சமயம் பெயிண்ட் செலவைப் போல் பல மடங்கு வரும். விலை சொல்லுமுன் கேட்டு வையுங்கள். மேடையைச் சாலையில் நிறுத்த நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தனி. கடைவீட்டு முன்புற நடைவழியான அஞ்சடியை அடைக்காதீர்கள்.

தெளிப்பு டின் பயன்படுத்துகிறவர்கள் என்95 முகமூடியை நம்பக் கூடாது. அது தூசியைத் தடுக்கும், கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய சுவாசக் கருவி வேண்டும். காற்று வீசும் நாளில் தெளித்த துகள் பக்கத்துக் காரில் போய் ஒட்டும். அந்த வழக்குக்கு உங்கள் கூலி காணாது. பொதுப்பொறுப்புக் காப்புறுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

மேல்பூச்சு

படம் முடிந்து ஏழு நாள் காயவிட்டபின் தெளிந்த மேல்பூச்சு. மெல்லியதாக இரண்டு முறை, இடையில் ஒரு நாள். ஈரம் மிகுந்த காலையிலோ மழைக்கு முன்போ அடித்தால் ஈரம் அடைபட்டுப் பால் கொட்டியது போல் வெளுத்துவிடும். கறுப்பு நிறத்தில் அது உடனே தெரியும். லேசாக வெளுத்தது சில நாளில் தெளியலாம். கெட்டியாக வெளுத்தால் உப்புத்தாள்தான். முதலில் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு அடித்து மறுநாள் பாருங்கள். பளபளப்புப் பூச்சு சுவரின் மேடு பள்ளத்தை எல்லாம் காட்டிக்கொடுக்கும், புகைப்படத்தில் வெளிச்சம் திரும்பி அடிக்கும். மங்கல் பூச்சே மேல். ஓதம் ஏறும் பழைய சுவரில் மேல்பூச்சே வேண்டாம்.

வீட்டுக்குள், கடைக்குள்

வீவக வீட்டின் உட்சுவரில் வரைய அனுமதி தேவையில்லை. ஆனால் துளை போடுவது, தேய்ப்பது போன்ற சத்தமான வேலைக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு; ஞாயிறும் பொது விடுமுறை நாளும் செய்யவே கூடாது. உள்ளே மழை, வெயில் பயம் இல்லை என்பதால் சுவரைக் கவனிக்காமல் விடுவார்கள். உள்ளே கெடுப்பது வெளிச்சம். கூரைவிளக்கு சுவரை ஒட்டி மேலிருந்து விழுந்தால் ரோலர் தடம், பட்டி மேடு எல்லாம் நிழலாகத் தெரியும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்து, மேட்டைத் தேய்த்தபின் தொடங்குங்கள். வாடை குறைந்த உட்புறப் பெயிண்ட் வாங்குங்கள். குழந்தை தூங்கும் அறையானால் தெளிப்பு டின் வேண்டாம். குளியலறையை ஒட்டிய சுவரில் ஈரச் சோதனை செய்யாமல் தொடவே கூடாது.

உணவுக்கடையில் எதிரி எண்ணெய்ப்புகை. தோசைக்கல்லும் பொரிகடாயும் இருக்கும் பக்கத்துச் சுவரில் ஆறு மாதத்தில் மஞ்சள் படலம் ஒட்டும். மங்கல் பெயிண்டில் அதைத் துடைத்தால் துடைத்த இடம் மட்டும் பளபளக்கும். அரைப்பளபளப்பு, கழுவக்கூடிய ரகம் எடுங்கள். நாற்காலி முதுகு உரசும் உயரம் சுமார் ஒரு மீட்டர். அதற்குமேல் படம், கீழே ஓடோ மரப்பலகையோ. வெளியேறும் பாதை, படிக்கட்டு ஆகிய இடங்களில் துணி, மரம், பிளாஸ்டிக் தாள் ஒட்டும் யோசனை இருந்தால் தீப்பாதுகாப்பு விதி குறுக்கே வரும். வடிவமைப்பாளரிடம் தீப்பரவல் வகை 0 (தீ மிகக் குறைவாகப் பரவும் ரகம்) பற்றிக் கேட்டபின் பொருள் வாங்குங்கள்.

வாடகைக் கடைக்கு நேராகச் சுவரில் வரைவதைவிடப் பலகையில் வரைந்து மாட்டுவது நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. வாடகை முடியும்போது சுவரைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். அன்றைக்கு உங்கள் ஓவியம் வெள்ளை பெயிண்டுக்கு அடியில் போகும். பலகை என்றால் கடையோடு கிளம்பும். 4 மில்லிமீட்டர் அலுமினியக் கூட்டுப்பலகை ஈரத்துக்கு வளையாது. சாதாரண ரகத்தில் 1.2-க்கு 2.4 மீட்டர் தகடு சுமார் 16 கிலோ. தீத்தடுப்பு உள்ளீடு கொண்ட ரகம் கேளுங்கள். 320 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டும் பிரைமர் அடித்தபின்தான் அக்ரிலிக். இதில் எதை விட்டாலும் நகத்தால் உரிக்கலாம். பின்பக்கம் 45 பாகைச் சரிவில் அறுத்த மரச்சட்டம் ஒன்று, சுவரில் அதற்கு எதிராக ஒன்று, மேலே மாட்டிவிட்டால் முடிந்தது. வரையத் தொடங்குமுன் மின்தூக்கிக் கதவையும் கடைவீட்டுப் படியின் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள். உள்ளே போகாத பலகையை அறுத்த கதைகள் எல்லா ஓவியர்களிடமும் உண்டு.

சட்டமிட்ட ஓவியத்தை மாட்டும்போது படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.45 முதல் 1.5 மீட்டர். உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் 15 சென்டிமீட்டர் இறக்குங்கள். ஜிப்சம் தடுப்பில் சாதாரணத் திருகு நிற்காது. விரியும் பிடிப்பான் வேண்டும். வீட்டுப் பாதுகாப்பறை (குண்டுவீச்சு போன்ற ஆபத்தில் ஒதுங்கும் அறை) சுவர் கம்பி போட்ட கான்கிரீட். அதில் துளையிட விதிக் கட்டுப்பாடும் உண்டு, வேறு சுவர் தேடுங்கள். படத்துக்கு இரண்டு கொக்கி, சட்டத்தின் மேல்முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே. கீழ் மூலை இரண்டிலும் 5 மில்லிமீட்டர் ரப்பர் பொட்டு ஒட்டுங்கள்; காற்று ஓடும். குளிர்சாதனம் இரவு முழுக்க ஓடும் அறையில் சட்டம் சுவரோடு ஒட்டியிருந்தால் பின்னால் பூஞ்சணம் வரும். குளிர்சாதனக் காற்று நேராக அடிக்கும் இடத்தில் காகித ஓவியம் வைக்காதீர்கள். விளக்கு 30 பாகைச் சாய்வில், நிறக்காட்சி எண் (CRI, நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90-க்கு மேல், 3000 கெல்வின். காகித வேலைக்கு 50 லக்ஸ் போதும், அக்ரிலிக்குக்கு 200 வரை.

காசும் காகிதமும்

சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் விலை சொல்வது கலைஞருக்கே நட்டம். வரைவு, சுவர் தயாரிப்பு, உயர ஏற்பாடு, பொருள், வரையும் நாள், மழை நாள், மேல்பூச்சு என்று வரி வரியாகப் பிரித்துப் போடுங்கள். மழை நாளுக்கு ஒரு வரி இல்லாவிட்டால் அது உங்கள் கூலியில் கழியும். ஒப்புக்கொண்டதும் 40 விழுக்காடு, அடிநிறமும் கோடும் முடிந்ததும் 40, ஒப்படைக்கும்போது 20 என்று வாங்கினால் கடைசிப் பணம் இழுத்தடித்தாலும் பொருள் செலவு வந்துவிட்டிருக்கும். வரைவை மாற்றச் சொல்லும் உரிமை இரண்டு முறை; மூன்றாவதற்குத் தனிக் கட்டணம்.

2021 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் கொடுத்து வரையச் சொன்ன படத்தின் பதிப்புரிமையும் வரைந்தவருக்கே. பெயர் சொல்லப்படும் உரிமையும் உண்டு. ஆகவே "எல்லா உரிமையும் வாடிக்கையாளருக்கு" என்ற ஒற்றை வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அதற்கு விலை உண்டு. உணவுப்பட்டியலிலும் சட்டையிலும் படத்தை அச்சிட அவர் விரும்பினால் அதைத் தனியே எழுதுங்கள். சுவரின் உரிமையாளர் பின்னாளில் வெள்ளையடித்துவிட்டால் அந்த உரிமை உங்களுக்குக் கைகொடுக்காது. எத்தனை ஆண்டு சுவரில் இருக்கும், அழிக்குமுன் எத்தனை நாள் முன்னறிவிப்பு, அப்போது படம் எடுத்துக்கொள்ளலாமா என்பவற்றை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். வெளிச்சுவருக்கு மூன்று ஆண்டும் 30 நாள் முன்னறிவிப்பும் கேட்பது நியாயமான அளவு.

ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு நிறத்திலும் மிச்சமானதில் கொஞ்சத்தை மூடி போட்ட புட்டியில் ஊற்றி, பெயிண்டின் ரகம், நிற எண், கலந்த விகிதம், தேதி எழுதி ஒட்டிக் கொடுங்கள். அதே குறிப்பை உங்களிடமும் வையுங்கள். கழுவ மென்மையான சோப்பும் துணியும் மட்டும், அழுத்த நீர் வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டிப் பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். முதல் ஜனவரி மழை ஓய்ந்ததும் ஒருமுறை போய்க் கீழ்ப்பட்டையையும், விரிசல் இணைப்பையும், கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகும் மூலையையும் அதே ஐம்பது காசால் தட்டிப் பாருங்கள். 'டொப்' என்றால் அன்றைக்கே சாக்பீஸால் வட்டம் போட்டுப் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.